ஐப்பசி மழை, தைப் பனி: சைக்கிள் ஓட்டும்போது காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்வது எப்படி

நீடாமங்கலத்தில் கிளம்பி, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மதகான மூணாறு தலைப்பு சட்ரஸ் வரை போய், அங்கிருந்து பாமணியாற்றுக் கரையோடு மன்னார்குடிப் பக்கம் கொஞ்ச தூரம். வாரத்தில் நான்கு நாள் காலையில் இதுதான் என் பாதை. மகன் கோவைக்குப் படிக்கப் போனபோது வீட்டில் விட்டுப்போன கியர் சைக்கிளை ஓட்டுகிறேன். மலைப்பாதைக்கென்று செய்த வண்டி அது. அகலமான கட்டை டயர், முன்பக்கம் சஸ்பென்ஷன். எங்கள் ஊரில் மலை கிடையாது என்றாலும், மழைக்காலத்து ஆற்றங்கரைக்கு அந்த டயர்தான் சரி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் என்பதால் எட்டு மணிக்குள் வீடு திரும்பி, அதே காலோடு நாள் முழுக்க வகுப்பில் நிற்க வேண்டும்.

முதல் வருடம் ஐப்பசியில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஓட்டினேன். தினமும் நனைந்தது. தினமும் அதையே போட்டேன். இரண்டு வாரத்தில் விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்து, தோல் உரிந்து, சேற்றுப்புண் வந்துவிட்டது. அம்மா நடவுக்குப் போனவர். என் காலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கொல்லையில் மருதாணி பறித்து அரைக்க உட்கார்ந்தார். அப்பாவின் நினைவு அவருக்கும் வந்திருக்கும், எனக்கும் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. ஒரு கார்த்திகையில் வயலில் காலில் முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. ஈரத்திலேயே இருந்த புண் உள்ளுக்குள் போய், கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கால் விஷயத்தில் நான் அலட்சியமாக இருப்பதில்லை. இது எனக்கு ஐந்தாவது மழைக்காலம். இத்தனை நாளில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன்.

நம் பக்கம் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்தக் குளிரில் உலர்ந்த கால் விறைக்காது. நனைந்த கால் விறைக்கும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்திக்கொண்டு போகும். அதன் மேல் சைக்கிள் போகிற வேகத்துக் காற்று வேறு பட்டு, ஈரம் ஆவியாகும்போது இன்னும் சூட்டை இழுக்கும். அதனால் டெல்டாவில் காலுக்குச் சூடு வேண்டுமென்றால் ஈரத்தைக் கவனித்தால் போதும். இன்னொன்றும் உண்டு. அடைமழையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் எதைப் போட்டாலும் கால் கொஞ்சமாவது நனையும். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். நனைந்த கால் எத்தனை நேரம் நனைந்தபடியே இருக்கிறது என்பதைத்தான் குறைக்க வேண்டும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

ஷூ வாங்குவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். டெல்டாவில் இரண்டு விதமான கரை இருக்கிறது. ஆற்றை ஒட்டிய படுகை மண் மணலும் வண்டலும் கலந்தது. மழை விட்டுச் சற்று நேரத்தில் தண்ணீரைக் குடித்துவிடும். வயலுக்கு நடுவே போகும் வாய்க்கால் கரை பெரும்பாலும் களிமண். நல்ல மழைக்குப் பிறகு அதில் சைக்கிளை இறக்கினால் பத்தடியில் டயர் இரண்டு மடங்கு தடிமனாகிவிடும். களி அப்பிக்கொண்டு ஃபோர்க்கில் அடைத்து, சக்கரமே சுற்றாமல் நிற்கும். அப்புறம் இறங்கி, கணுக்கால் வரை உளையில் நின்று, குச்சியால் சுரண்டித் தள்ள வேண்டியதுதான். என் கால் மிக மோசமாக நனைந்த நாட்களெல்லாம் மழையில் ஓட்டிய நாட்கள் இல்லை, களியில் இறங்கித் தள்ளிய நாட்கள்.

ஆகவே மழை பெய்த மறுநாள் படுகைப் பக்கம், இல்லாவிட்டால் கப்பி போட்ட பெரிய ஆற்றங்கரை. இரண்டு நாள் வெயில் அடித்த பிறகுதான் வாய்க்கால் கரை. இதைச் செய்தாலே பாதி ஈரம் குறைந்துவிடும். ஈரக் களிக்கரையில் சக்கரம் பதிந்தால் கரையும் கெடும். அந்தத் தடத்தின் வழியாகத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகும். சம்பாப் பயிர் நிற்கிற நேரத்தில் அடுத்தவர் வயலுக்கு அந்தக் கெடுதலைச் செய்யக் கூடாது.

மட்கார்டு

கியர் சைக்கிளைக் கடையில் வாங்கும்போது பெரும்பாலும் மட்கார்டு இருக்காது. கேட்டால் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை ஃபிரேமின் கீழ்க்குழாயில் மாட்டிக் கொடுப்பார்கள். அது முகத்துக்கும் மார்புக்கும் வரும் சேற்றைத் தடுக்கும், காலுக்கு ஒன்றும் செய்யாது. முன்சக்கரத்தின் பின்பக்கம், அடியிலிருந்து கிளம்பும் தண்ணீர்தான் நேராக இரண்டு பாதத்தின் மேலும் வந்து விழுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிடச் சக்கரம் தூக்கி எறிவது அதிகம். மழை விட்ட பிறகு ஈரச் சாலையில் ஓட்டினாலும் ஷூ ஊறிப்போவது இதனால்தான்.

முழு நீள மட்கார்டு போட்டு, அதன் நுனியில் ஒரு ஃபிளாப் தொங்கவிடுங்கள். நான் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, நைலான் டேக்கால் கட்டியிருக்கிறேன். தரையிலிருந்து அரைச் சாண் உயரம் வரை இறங்க வேண்டும். அகலம் டயரைவிட இரண்டு பக்கமும் ஒரு விரல் கூடுதலாக இருக்கட்டும். கேனுக்குப் பதில் டிராக்டர் டியூப் ரப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. மேட்டில் இடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லி மாட்டுங்கள். நெருக்கமாக மாட்டினால் களி அடைத்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் இருக்கும் வண்டியில், சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீழ்ப்பகுதியில் கம்பிகளைப் பிடிக்க வேண்டும். எங்கள் கடைவீதி சைக்கிள் கடைக்காரர் முதலில் மேலே மாட்டிவிட்டார். முதல் பள்ளத்திலேயே டயரில் இடித்தது.

ஷூ, சாக்ஸ்

தண்ணீர் புகாத ஷூ வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். டெல்டாவுக்கு வேண்டாம் என்பதே என் முடிவு. காரணம் இரண்டு. மழை வெளியிலிருந்து துளைத்துக்கொண்டு வராவிட்டாலும் கால் வழியாக மேலிருந்து வழிந்து உள்ளே இறங்கும். தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினால் மேலே புகுந்துவிடும். புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் குடத்தில் நிற்பதுபோல் நிற்கும். அடுத்தது வியர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரம் மிதித்தால் மூடிய ஷூவுக்குள் கால் தானாகவே நனைந்துவிடும். மழையே இல்லாத நாளிலும் சேற்றுப்புண் வருவது அதனால்தான்.

மேலே வலைத்துணி, கீழே பிடிப்புள்ள ரப்பர் சோல், உள்ளே பஞ்சு குறைவாக இருக்கும் விளையாட்டு ஷூ போதும். நனையும், ஆனால் பத்து நிமிடத்தில் தண்ணீர் வடிந்துவிடும். தடித்த பஞ்சு வைத்த ஷூ பார்க்க மெத்தென்றிருக்கும், காய மூன்று நாள் ஆகும். பெடலோடு ஷூவைப் பூட்டிக்கொள்ளும் வகை இங்கே தேவையில்லை. சோலில் அந்த இரும்பு பொருத்தும் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும், குளிரும் ஏறும். களியில் அடிக்கடி காலை ஊன்ற வேண்டிவரும்போது பூட்டு ஆபத்தும்கூட. சின்னச் சின்னப் பல் வைத்த தட்டைப் பெடல் ஈரத்திலும் வழுக்காது.

சரி, செருப்பே போட்டுக்கொள்ளலாமே, சீக்கிரம் காயுமே என்றால், தார்ச் சாலையில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பின்பட்டை உள்ள சாண்டல் நல்லது. கரைக்கு வேண்டாம். மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் ஏற ஏற எலி மேட்டுக்கு வரும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் கரைக்கு வரும். புல்லுக்குள் இறங்கிக் காலை ஊன்றும்போது விரல் வெளியே தெரியக் கூடாது.

சாக்ஸில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறோம். வெள்ளைப் பருத்தி சாக்ஸ் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒருமுறை நனைந்தால் வீடு வரும்வரை ஈரத்துணி சுற்றியதுபோல்தான். பாலியஸ்டரோ நைலானோ அதிகம் கலந்த மெல்லிய விளையாட்டு சாக்ஸ் வாங்குங்கள். பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும். கம்பளி சாக்ஸ் நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும், ஆனால் ஐப்பசியில் நமக்கு அது அதிகம். தைக்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

என் பையில் எப்போதும் ஒரு ஜிப் கவர் இருக்கும். அதில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ், பழைய வேட்டியில் கிழித்த ஒரு முழத் துணி. கரையில் தண்ணீர் ஓடும் இடம் வந்தால் நிறுத்திவிடுகிறேன். சாக்ஸைக் கழற்றிக் கவரில் வைத்துவிட்டு, வெறுங்காலில் ஷூவை மட்டும் போட்டுக்கொண்டு தண்ணீரைக் கடப்பேன். ஷூவும் இல்லாமல் ஒருபோதும் இறங்க வேண்டாம். கருவேல முள், நத்தை ஓடு, பாட்டில் சில்லு எல்லாம் அடியில் கிடக்கும். அக்கரையில் ஷூவைக் கவிழ்த்து, இன்சோலைப் பிழிந்து, காலை விரல் விரலாகத் துடைத்து, சாக்ஸைத் திரும்பப் போட வேண்டும். மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்துக்குச் சோம்பல்பட்ட நாட்களில்தான் எனக்குப் புண் வந்திருக்கிறது. தண்ணீர் முழங்காலைத் தொடுமென்று தோன்றினாலோ, கரையின் ஓரம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ கடக்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

மேலிருந்து வழிவதற்கு ரெயின்கோட் பேண்ட் போட்டால், அதன் நுனி ஷூவின் வாய்க்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் தண்ணீரை நாமே ஷூவுக்குள் ஊற்றுவதுபோல். சுடிதார் பேண்ட் பருத்தியாக இருந்தால் முழங்கால் நனைந்த ஈரம் திரிபோல் கீழே இறங்கும். பெண்கள் கணுக்காலுக்கு மேலே நிற்கும் நைலான் டிராக் பேண்ட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மார்கழியில் இன்னொரு தண்ணீர் உண்டு. மழை நின்றுபோயிருக்கும், வானம் தெளிந்திருக்கும், ஆனால் கரைப் புல் முழுக்கப் பனி கோத்து நிற்கும். அருகும் கோரையும் முழங்கால் உயரம் வளர்ந்த இடத்தில் அரைக் கிலோமீட்டர் ஓட்டினால் மழையில் நனைந்த அளவு ஷூ நனைந்துவிடும். இதற்கு நான் கண்ட வழி குடைத்துணி. கம்பி உடைந்த பழைய குடையின் துணியைப் பிரித்து, டெய்லரிடம் கொடுத்து, முழங்காலுக்குக் கீழிருந்து ஷூவின் மூக்கு வரை வருகிற மாதிரி இரண்டு உறை தைத்துக்கொண்டேன். மேலே எலாஸ்டிக். கீழே ஷூவுக்கு அடியில் கோத்துக்கொள்ள டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். எடை இல்லை, உதறினால் காய்ந்துவிடும், புல்லின் பனி அதிலேயே வழிந்து போய்விடும். சூரியன் ஏறிய பிறகு கிளம்ப முடிந்தவர்களுக்கு இதுகூடத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும்

முதல் வேலை கால். தேநீர் அப்புறம். நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, விரல் இடுக்கைத் துணி விட்டுத் துடைத்து, காற்றாடிக்குக் கீழே ஐந்து நிமிடம் காட்டுங்கள். பிறகு உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கீறல், கொப்புளம், முள் எதுவும் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. அவர்களுக்கு வலி தெரியாமல் இருக்கலாம், அதனால் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிளம்பும் முன் குதிகாலிலும் விரல் இடுக்கிலும் தேங்காய் எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் தண்ணீர் சட்டென்று ஊறாது. இரவில் இடுக்கை உலர்வாக விடுங்கள், எண்ணெய் வேண்டாம். சேற்றுப்புண் ஆரம்பித்துவிட்டால், அம்மாவின் மருதாணி எனக்கு அரிப்பைக் குறைத்தது, உண்மை. ஆனால் அந்தப் புண் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்தை மருத்துவர் சொல்லும் நாள்வரை, அரிப்பு நின்ற பிறகும், தடவ வேண்டும். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் குறைந்ததுபோல் காட்டி, பிறகு முன்பைவிடப் பரவும். எனக்கு அப்படி ஒருமுறை ஆனது.

காலில் வெட்டோ புண்ணோ இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகும். சேற்றில் கால் வைத்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் மருத்துவரிடம் “சேற்றில் இறங்கினேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தை, மலை

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனிக்கு நம் ஊரில் மெல்லிய கம்பளி சாக்ஸும் தலைக்கு ஒரு மஃப்ளரும் போதும். தலையும் மார்பும் குளிர்ந்தால் உடம்பு காலுக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் மஃப்ளர் காலுக்கும் உதவும்.

மலைக்குப் போனால் கணக்கே வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நம் சமவெளியைவிட 14 டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம், தெளிந்த ஜனவரி இரவில் அதற்கும் கீழே போய் உறைபனி விழும். ஒரு பொங்கல் விடுமுறையில் மகன் அழைத்துப் போனான். விடியற்காலையில் ஊட்டியிலிருந்து தலைக்குந்தா நோக்கி ஓட்டினோம். புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. குளிருமே என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கிக் கட்டியிருந்தேன். இறக்கத்தில் மிதிக்காமல் காற்றில் போனபோது கால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மகன்தான் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, ஒரு ஜோடி சாக்ஸைக் கழற்றச் சொன்னான். இறுக்கினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாவிட்டால் எத்தனை சாக்ஸ் இருந்தும் சூடு வராது. ஷூவுக்குள் விரலை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். மலைக்கு ஒரு அளவு பெரிய ஷூவும், ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸும். கம்பளி சாக்ஸ் ஊட்டியிலேயே திபெத்தியர் கடைகளில் கிடைக்கிறது.

ஷூவின் மூக்கில் உள்ள வலைத்துணி மேல் வெளியே இன்சுலேஷன் டேப் ஒட்டினால் காற்றுப் புகாது. டேப் இல்லாத அன்று தடித்த பிளாஸ்டிக் உறையைச் சாக்ஸுக்கு மேல், விரல் பகுதிக்கு மட்டும், தொப்பிபோல் மாட்டினோம். பாதம் முழுக்கச் சுற்றினால் ஏற்றத்தில் வியர்த்து, இறக்கத்தில் அந்த வியர்வையே குளிரும். பாதி மூடினால் பின்பக்கம் ஆவி வெளியேறும். நீண்ட இறக்கத்துக்கு முன் இறங்கி ஐந்து நிமிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது நல்லது. மரத்துப்போன காலை நெருப்பில் காட்டாதீர்கள். சுடுவது தெரியாமல் வெந்துவிடும். கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாலோ வெதுவெதுப்பான நீரில் வைத்தாலோ போதும்.

ஷூவைக் காயவைப்பது

அடைமழை பிடித்தால் மூன்று நாள் வெயிலே தெரியாது. அதனால் இரண்டு ஜோடி ஷூ வேண்டும். விலை குறைந்தது இரண்டு, விலை உயர்ந்த ஒன்றைவிட மேல். வந்ததும் கயிற்றைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, இன்சோலை உருவித் தனியாக நிறுத்துங்கள். உள்ளே தினத்தாளைக் கசக்கி நுனிவரை அடைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் சொதசொதவென்று ஆகியிருக்கும், எடுத்துவிட்டுப் புதுத் தாள். பலரும் முதல் தாளையே காலைவரை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அதுவே ஈரத்தைப் பிடித்துவைக்கும். இரண்டாவது தாளையும் படுக்கும் முன் எடுத்துவிட்டு, ஷூவைச் சுவரில் சாய்த்து, காற்றாடிக் காற்று உள்ளே போகிற மாதிரி வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சோல் பசை விட்டுவிடும்.

வெளித் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். எங்கே வைத்திருந்தாலும், காலையில் காலை நுழைக்கும் முன் இரண்டு ஷூவையும் கவிழ்த்துத் தரையில் நன்றாகத் தட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் தேளும் பூரானும் தேடுவது இருட்டான, உலர்ந்த இடத்தைத்தான்.